மூன்று கூர்முகடுகள்

1884, அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள ஒத்தாவியோவுக்கு,

இல்லை, காற்று எதையும் கிழிக்கவில்லை. மாதிரி தீட்டிய கித்தான் துணி சாரத்தில் இறுக்கமாகவே நிற்கிறது. பேராலய முகப்பின் இடப்பாதி உச்சியில் நீ வரைந்த கூர்முகடுகள். வலப்பாதியில் உன் போட்டிக் கட்டடக் கலைஞர் வன்னீனியின் தட்டை விளிம்பு. இரண்டும் மரமும் துணியும் சாயமும்தான். கல்லில் செதுக்கும் முன் ஊர் பார்த்துச் சொல்லட்டும் என்றது கட்டடக் குழு. ஊர் பார்க்கிறது. சொல்லிக்கொண்டும் இருக்கிறது.

உன் இருமலைப் பற்றி நீ எழுதவில்லை. உன்னைக் கவனித்துக்கொள்ளும் கன்னிகாஸ்திரீ எழுதியிருந்தார். நன்றாகச் சாப்பிடுகிறாயாம். கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாயாம். மிகவும் இனிமையாக எழுதுகிறார். அந்த இனிமையை மறுபடி மறுபடி படித்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன்.

நீ கேட்டது வேறு. குழு சொல்வது வேண்டாம், பத்திரிகை எழுதுவது வேண்டாம், உன் கண் சொல்வதை எழுது என்றாய். முகடுகளை விட்டுத் தட்டை விளிம்புக்கு மாறச் சம்மதிப்பதும் மறுப்பதும் அதைப் பொறுத்தது என்றாய். அதற்காகத்தானே என்னை உன் பக்கத்தில் இருக்கவிடாமல் இங்கே நிறுத்தினாய்.

போன ஞாயிறு, பூசை முடிந்ததும் சதுக்கம் நிறைந்துவிட்டது. எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். பிறகு எங்கோ ஒரு சிரிப்பு. பிறகு பல.

ரொட்டிக்கடை நுன்சியாத்தா கஷ்கொட்டை அப்பத் தட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தவில்லை. "வாம்மா எர்சீலியா. உம் புருஷன் மாதா கோயிலுக்கு மூணு கொம்பு முளைக்க வச்சிட்டாரே" என்றாள். "கொம்பு இல்லடி, முள்கரண்டி. பிஷப்பு சாப்பிடறதுக்கு" என்றான் அவள் கணவன். பின்னாலிருந்து ஒருவன், "ஓபரா நாடகம் எப்ப ஆரம்பிக்கறாங்க? டிக்கெட்டு எங்க விக்கறாங்க?" என்று கேட்டான்.

நான் ஒரு அப்பம் வாங்கித் தின்றேன். வாய்க்கு வேறு வேலை வேண்டியிருந்தது.

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது. நிழல். கித்தானில் வரைந்த நிழல்கள் எல்லாம் வலப்பக்கம் விழுந்திருந்தன. வெளிச்சம் இடமிருந்து வருவதுபோல். நம் முகப்பு மேற்கு பார்த்தது. இடப்பக்கம் வடக்கு. வடக்கிலிருந்து எந்தச் சூரியன்? தட்டை விளிம்பில் நிழலுக்கு அதிக வேலை இல்லை, அதனால் அது தப்பித்தது. உன் முகடுகள், உன் மடிப்புகள், உன் சிறு தூண்கள் எல்லாம் பொய்யாகத் தெரிந்தன. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி, தெரியுமா. காரணம் கிடைத்துவிட்டது.

திங்களன்றே அமெரீகோவிடம் போனேன். கித்தான் தீட்டியவர் அவர்தான். நாடகக் கொட்டகைக்குத் திரை எழுதுகிறவர். "கொட்டகையில வெளிச்சம் எப்பவும் இடப்பக்கத்துலேருந்துதாம்மா. கை பழக்கத்துக்குப் போயிருச்சு. சூரியன்கிட்ட யாரு கேட்டா?" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். அந்த வாரத்திலேயே ஏணி ஏறி, நிழலைத் துடைத்து, திருப்பி எழுதினார்.

இன்று மறுபடியும் போனேன். நல்ல வெயில். நிழல்கள் சரியான பக்கம். யாரும் சிரிக்கவில்லை.

உன் முகடுகள் அழகாக இருந்தன, ஒத்தாவியோ. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நடு முகட்டின் சரிவு நீ விரும்பியபடியே, கை குவித்ததுபோல் இருந்தது.

பிறகு முகப்புக்குப் பின்னால் எழும் பேராலயக் குவிமாடத்தைத் தேடினேன்.

பின்னால் நடந்தேன். இன்னும் பின்னால். மருந்துக்கடைச் சுவர் முதுகில் முட்டியது. சதுக்கம் அங்கே முடிகிறது. வலப்பாதிக்கு மேலே, தட்டை விளிம்பைத் தாண்டி, குவிமாடம் பாதி தெரிந்தது. இடப்பாதிக்கு மேலே எதுவும் இல்லை. முகடுகள் மட்டும்.

நம் வரைபடத்தில் முகடுகளுக்கு மேல் குவிமாடம் முழுதாக நின்றது. நேர்முக வரைபடம் அப்படித்தான். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் அதனதன் உண்மையான உயரத்தில். அதை மேஜைமேல் விரித்து எத்தனை இரவுகள் பார்த்திருப்போம். அந்தப் படத்தைப் பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்று நாம் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் நிற்கும் இடம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சதுக்கத்தில் நிற்பவன் கீழிருந்து பார்க்கிறான். கிட்டத்திலிருந்து பார்க்கிறான்.

அறுவடைக்குப் போனவனும் பட்டாளத்துக்குப் போனவனும் ஊர் திரும்பும்போது முதலில் தேடுவது அந்தக் குவிமாடத்தை. அதன் வாசலுக்கே வந்து நின்றவனிடமிருந்து நாம் அதை மறைத்துவிட்டோம்.

இதை எழுதாமல் இருக்க முயன்றேன். நிழலைப் பற்றி எழுதி நிறுத்தியிருக்கலாம். நீ நம்பியிருப்பாய். உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை என்பதால் நம்பியிருப்பாய்.

மாலையில் தொனாத்தி சாமியார் வீட்டுக்கு வந்தார். குழுவின் தலைவர் அல்லவா, அவர் வந்தால் ஏதோ இருக்கும். திராட்சைரசம் கொடுத்தேன், தொடவில்லை. "அவரு உயிரோட இருக்கறவரைக்கும் அவரு சம்மதம் இல்லாம ஒரு கல்லைக்கூட மாத்த மாட்டோம்மா. ஒப்பந்தம் அப்படி. அவரே தட்டை விளிம்பு வரைஞ்சு குடுத்தா சந்தோஷம். இல்லேன்னா நாங்க காத்திருப்போம்" என்றார். சொன்ன பிறகு தன் தொப்பியைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன்.

அவர்கள் காத்திருப்பார்கள். அவசரம் இல்லாதவர்கள். பிறகு வன்னீனி வரைவார். நல்ல கை அவருக்கு, மறுக்கவில்லை. ஆனால் உன் கதவுகளின் மேல், உன் ரோஜா வடிவ வட்டச் சாளரத்தின் மேல், வேறு ஒருவருடைய கோடு ஓடும். பார்க்கிற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். சம்மதித்துவிடு. தட்டை விளிம்பை நீயே வரை. வன்னீனியினுடையதைப் பார்க்காதே. உன் தூண்கள் எங்கே முடிய வேண்டும் என்று உன் தூண்களுக்குத்தான் தெரியும். கை நடுங்கினால் பரவாயில்லை, நடுங்கிய கோட்டை நான் நேராக்குவேன். கோடு உன்னுடையதாக இருக்கட்டும். குளிர்காலம் வருவதற்குள் வரை. இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

மாதா உன் நெஞ்சின்மேல் கை வைத்துக் காக்கட்டும். இரவில் ஜன்னலைச் சாத்திக்கொள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அந்தக் கோபத்தோடு காலையில் எழுந்திரு.

உன் மனைவி,
எர்சீலியா

திங்கள் காலை. தபால் நிலையம் வரை போனேன். கடிதத்தைப் போடவில்லை. வீட்டுக்கு வந்து வரைதாள் சுருளை எடுத்துக்கொண்டு, பூட்டிச் சாவியை நுன்சியாத்தாவிடம் கொடுத்துவிட்டு, நீ இருக்கும் கடற்கரைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினேன்.