சிட்டு வாசிக்கிறாள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று நோவாவின் பேழைப் பாடம். செருப்பு டப்பாவை வெட்டி ஒட்டிப் பேழை செய்தோம். களிமண்ணில் யானை இரண்டு, முயல் இரண்டு என்று ஜோடி ஜோடியாக எண்ணி, சிட்டு பதினாறு வரை வந்துவிட்டாள். ஆறு வயசுக்கு இது போதாதா? பிறகு கதைப் பக்கத்தில் விரல் வைத்துக் கடகடவென்று வாசித்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தார். முப்பது வருடம் ஆசிரியை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாச்சு, குரல் இன்னும் பெறவில்லை.

"இதுதான் பள்ளிக்கூடமா? மேஜை பூரா மண்ணு!"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

ஜூன் 5, வியாழன்

நான் என்ன ஆசைப்பட்டா பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறேன்? நாலு மாதம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேனே. போர்டில் இருப்பதை எழுதுவதில்லை என்று கடைசி பெஞ்சில் தள்ளினார்கள். "மக்கு" என்று டீச்சரே கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளை ராத்திரி படுக்கையை நனைத்தது. எட்டு மாதமாகத்தான் சிரிக்கிறாள். வேதக் கதையும் களிமண்ணும் அவளைச் சிரிக்க வைத்திருக்கின்றன. இவர்களுக்கு என்ன தெரியும்?

ஜூன் 10, செவ்வாய்

ஆத்திரம் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

நாத்தனார் ஒரு தையல்காரர் கதைப் புத்தகத்தோடு வந்தார். "சிட்டு, அத்தைக்கு இதை வாசிச்சுக் காட்டு" என்றார். அவளும் முதல் வரியில் விரல் வைத்து, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கதையை அழகாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்!

"இது வாசிக்கலம்மா, ஒப்பிக்குது. எட்டு மாசமா இதைக்கூடவா கவனிக்கல?"

"கிளம்புங்க அண்ணி" என்றேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். சாயங்காலம் இவர் வந்து கேட்கிறார்: "அக்கா சொன்னதுல என்ன தப்பு?"

என்ன தப்பா? அக்காவும் தம்பியும் ஒரே கட்சி. நான்தான் வெளியாள்.

ஜூன் 11, புதன்

சமைத்தேன். யாரோடும் பேசவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நாத்தனார் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். நான் படித்துக் காட்டாத ஒரு பக்கத்தைச் சிட்டுவிடம் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி நீட்டினேன்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதும்மா."

"நடிக்கிறியா? நடிக்கிறியாடி?" — புத்தகத்தை மேஜையில் அறைந்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த டீச்சருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சீ!

மதியம் நாத்தனார் போன் செய்தார். எடுக்கவில்லை. ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தார்: "சண்டை அப்புறம் போடலாம். முதல்ல பிள்ளை கண்ணை டாக்டர்கிட்ட காட்டு."

அதைப் படித்ததும் இன்னும் எரிச்சல்தான் வந்தது. 'எறும்பு' என்று அவள் சொன்னது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஜூன் 16, திங்கள்

கண் டாக்டர் கேட்டார்: "இவ்வளவு பவர் இருக்கு. இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சா?"

எப்படியா? ஒவ்வொரு கதையையும் மூன்று தடவை நான் சத்தமாகப் படிப்பேன். காதால் பிடித்துக்கொண்டாள். யானையையும் முயலையும் விரலால் தெரிந்துகொண்டாள். கண்ணுக்கு வேலையே வைக்கவில்லை. புத்திசாலி என்று பூரித்துப் போனேனே!

அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்தால் பற்றி எரிகிறது. நாலு மாதம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கு? எட்டு மாதம், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை. யாரைத் திட்டுவது? ஆண்டவரே, கத்த மட்டும் எனக்கு எப்படித் தெரிந்தது?

சிட்டுவிடம் மன்னிப்புக் கேட்டேன். "கண்ணாடி சிவப்பு கலர் வேணும்" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

நாத்தனாருக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்னதுதான் சரி அண்ணி" என்று சொல்ல அரை மணி நேரம் தைரியத்தைத் திரட்ட வேண்டியிருந்தது.

"தெரியும்" என்றார். அதிலும் ஒரு திமிர்.

ஜூலை 5, சனி

சனிக்கிழமைப் பாடத்துக்கு இப்போது நாத்தனாரும் வருகிறார். காணாமல்போன ஆட்டின் கதை. பஞ்சை ஒட்டி ஆடு செய்தார், பசை சிந்தியதற்கு என்னைத்தான் திட்டினார். நானும் பதிலுக்குக் கொடுத்தேன்.

சிவப்புக் கண்ணாடி வந்த நாளிலிருந்து சிட்டு தினமும் எழுத்துப் பழகுகிறாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள். இதுவரை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டாத பக்கம். நாலு வரிக்குப் பத்து நிமிடம். ஓரிடத்தில் நின்றுவிட்டாள். சொல்லித்தர நாத்தனார் வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

'ஆடு' என்பதை 'ஆறு' என்று வாசித்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். எழுத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஆறு இல்ல... ஆடு" என்றாள், தானாகவே.