எர்த்துக் கட்டிக்கினியா

அடியே,

இன்று காலை கர்சருக்குப் பேய் பிடித்தது. இன்னும் கட்டி முடியாத என் வீட்டுக் கூடத்தில், பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆபீசுக்கு ஒரு மெயில் அனுப்பப் பார்த்தேன். டச்பேடில் விரலை வைத்தால் கர்சர் நடுங்குகிறது. அனுப்புகிற பட்டனுக்குக் கொண்டுபோனால் அழிக்கிற பட்டன் மேல் போய் உட்கார்கிறது. விரலை எடுத்த பிறகும் தானாக ஊர்கிறது. வேறு யாராக இருந்தாலும் லேப்டாப்பைத் திட்டியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். கட்டட வேலைக்காகத் தற்காலிகமாக இழுத்த லைன், பிளக் பாயிண்ட்டில் இரண்டே ஓட்டை.

வாசல் பக்கம் எலக்ட்ரீஷியன் அண்ணன் குழி தோண்டி, இரும்புப் பைப்பை நட்டு, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் மேல் தண்ணீர் ஊற்றியதும் ஈர மண்ணும் கரியும் கலந்த ஒரு வாசனை கூடம் வரைக்கும் வந்தது. "எர்த்து இன்னும் குடுக்கலம்மா, சாயங்காலத்துக்குள்ள குடுத்துர்றேன்" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மெயிலை அப்படியே விட்டுவிட்டேன். உனக்கு எழுதாமல் இன்று வேறு வேலை ஓடாது.

மற்றவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்கிற இடத்தில் நீ "எர்த்துக் கட்டிக்கினியா?" என்று கேட்பாய். ஒரகடத்தில் நாம் பாகங்களைச் சேர்த்து லேப்டாப் பூட்டிய அந்தக் கம்பெனி லைனுக்குள் நுழையும்போது எல்லோரும் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் சுருள் வயரைச் சோதனைத் தட்டில் மாட்டி, பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே போக முடியும். நம் உடம்பில் தேங்குகிற மின்சாரம் ஒரு சின்னப் போர்டைக் கொன்றுவிடும், அதைத் தரைக்கு இறக்கிவிடத்தான் அந்தப் பட்டை. நீ அதை லைனோடு விடவில்லை. யாராவது கோபத்தில் குதித்தாலும் அழுதாலும் பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்து "எர்த்து வுடு, எர்த்து வுடு" என்பாய். அதிகம் வாங்கியவள் நான்தான். என் வாய் அப்படி.

நான் கோவில்பட்டிப் பக்கம், நீ வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரு கிராமம். கம்பெனி பஸ் உங்கள் ஊருக்குள் வராது என்பதால் நீயும் சேரப்பணஞ்சேரியில் எங்கள் ரூமுக்கு வந்தாய். வந்த அன்றே குளியலறைக் கதவைத் தட்டி "சோப்பு கீதா?" என்று கேட்டாய். உங்கள் பக்கம் இருக்கிறதா என்பதை அப்படிச் சொல்வீர்கள் என்று தெரியாமல், கீதா என்று யாரையோ தேடுகிறாய் என்று நினைத்து, "இங்க கீதான்னு யாரும் கெடையாது" என்று உள்ளிருந்து பதில் சொன்னேன். ரூம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அந்த ரூமில் சோப்புக்கே கீதா என்று பெயர் வந்துவிட்டது. "கீதா தீந்து போச்சுட்டி, வாங்கிட்டு வா" என்று நானே கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

நாளெல்லாம் லேப்டாப் பூட்டுகிறோம், நமக்கென்று ஒன்று இல்லையே என்று நீதான் ஆரம்பித்தாய். படப்பையில் பழையது விற்கிற கடையில் ஒன்றை இருவருமாகப் பிடித்தோம். அதன் சொந்தக் கேமரா செத்திருந்தது. யு.எஸ்.பி. ஓட்டைகளில் ஒன்றுக்குத்தான் உயிர். டச்பேடின் இடது ஓரம் அமுங்கவே இல்லை. இருந்தாலும் ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டில் குழந்தையைக் காட்டுவதுபோலப் பக்கத்து சீட்டுப் பெண்களுக்குத் துணியை விலக்கிக் காட்டினாய்.

எனக்கு அது விளையாட்டுப் பொருள் இல்லை என்று உனக்குத் தெரியும். என் காண்ட்ராக்ட் முடிகிற நேரம். டிப்ளமோ படித்தவர்களுக்கு வேறொரு கம்பெனியில் நிரந்தர வேலை, டெக்னீஷியன் பதவி, ஆன்லைனில் பரீட்சை என்று வந்திருந்தது. அதில் தவறினால் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் எனக்காகக் காத்திருந்தது அம்மா உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி ஆபீஸ். அம்மாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. அது என்னோடும் தொடரக்கூடாது என்று அம்மாவே சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றிவிட்டாள்.

கர்சர் துள்ள ஆரம்பித்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். காரணமே கண்ணுக்கு முன்னால் இருந்தது. லைனில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு வந்து, நம் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாய். மூடி மேல் வைத்திருந்தால் பரவாயில்லை. டச்பேடின் நட்டநடுவில் வைத்திருந்தாய். கேட்டால், "வேல செய்யற எடம் அதானமே, அங்க வெக்காம எங்க வெக்கறது?" என்றாய். ஈரச் சந்தனத்தை டச்பேட் விரல் என்று நினைத்துக்கொண்டது. நியாயம்தான். கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தோம், காய வைத்தோம். துள்ளல் கொஞ்சம் அடங்கியது, ஆனால் நிற்கவில்லை. குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது என்று உன்னை எத்தனை நாள் திட்டியிருப்பேன். அந்தக் குங்குமத்துக்கும் பிறகு உண்டான நடுக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நட்டநடுவில் பொட்டு வைத்தது வைத்ததுதான்.

டச்பேடின் டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மவுஸ் மாட்டலாம் என்றால், உயிரோடு இருந்த ஒரே ஓட்டையில் பரீட்சைக்கான கேமரா இருக்க வேண்டும். அப்போதுதான் நீ லேப்டாப்பைத் தரையில் வைத்து, குனிந்து பக்கவாட்டில் பார்த்தாய். "இது வயிறு உப்பிக்கினு கீது" என்றாய். தினமும் பின்மூடிக்கு ஸ்க்ரூ போடுகிறவள் நீ. பஸ் ஸ்டாப் கடையில் வாங்கிய ஸ்க்ரூ டிரைவரால் தோசை திருப்புகிற லாவகத்தில் மூடியைத் திறந்தாய். உள்ளே பேட்டரி வீங்கி டச்பேடை முட்டிக்கொண்டு கிடந்தது. அதைக் கழற்றிப் பத்திரமாக லேப்டாப் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம். இடது ஓரம் அமுங்கியது. நோய் தீர்ந்தது என்று இருவருமே நினைத்தோம். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பேட்டரி போனதால் இனி லேப்டாப் எப்போதும் சார்ஜரில்தான் ஓடும்.

பரீட்சை அன்று காலை நினைவிருக்கிறதா? நீ நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தாய். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜன்னலோரம் டிரங்குப் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, மாதிரிக் கேள்வியைத் திறந்தேன். கர்சர் வெறி பிடித்து ஆடியது. இரண்டாம் விடையைத் தொட்டால் நான்காவது விழுந்தது. அடுத்த பக்கத்துக்குத் தானே தாவியது. அது நிஜப் பரீட்சையாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் டச்பேடை ஓங்கி அடித்தேன். "போச்சுட்டி, எல்லாம் போச்சு. நான் ஊருக்கே போறேன்" என்று அழுதேன்.

நீ அப்போதுதான் குளித்துவிட்டு வந்தாய். தலையில் துண்டு, கால் முழுக்க ஈரம். வழக்கம்போல ஒரு கையை என் பின்கழுத்தில் வைக்க வந்து, என் ஆத்திரத்தைப் பார்த்து மனம் மாறி, லேப்டாப்பை என்னிடமிருந்து காப்பாற்ற அதன் மேல் வைத்தாய். கர்சர் நின்றது. கையை எடுத்தாய், ஆடியது. வைத்தாய், நின்றது. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீ மெதுவாகச் சார்ஜரின் பிளக்கைப் பார்த்தாய். மூன்று கால் பிளக், இரண்டு ஓட்டைச் சுவர், நடுவில் நாம் மாட்டியிருந்த கன்வர்ட்டர். பருத்த மூன்றாவது கால் காற்றில் நின்றது.

"எர்த்து இல்லமே" என்றாய். "நம்ம ரூம்ல எர்த்தே இல்ல."

லேப்டாப்பில் தேங்கிய மின்சாரம் உன் ஈரக் கால் வழியாகத்தான் தரைக்கு இறங்கியிருக்கிறது. தினமும் எர்த்து எர்த்து என்று சொல்லிக்கொண்டு, எர்த்து இல்லாத ரூமில் படுத்து எழுந்திருக்கிறோம். நமக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் அது. வயர் தேட நேரமில்லை, பரீட்சை திறக்கப் போகிறது. நீ தரையில் உட்கார்ந்தாய். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தாய், மறு கையை லேப்டாப்பின் உலோகப் பின்பக்கத்தில் ஒட்டவைத்தாய். "எயுது" என்றாய். "எறும்பு ஊர்ற மாரி கீது, அவ்ளோதான்." இன்றைக்கு எவளாவது என் கண் முன்னால் அப்படி உட்கார்ந்தால் காதைத் திருகி எழுப்புவேன். அது செய்யக்கூடாத காரியம் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். அன்று நீ உட்கார்ந்தாய்.

கேமராவில் என் முகம் மட்டும்தான் தெரியலாம், ரூமுக்குள் வேறு ஆள் குரல் கேட்டாலே பரீட்சை ரத்து. அதனால் பெட்டியை ஒட்டி, அதன் மட்டத்துக்குக் கீழே தலையைத் தாழ்த்தி, வாயை மூடிக்கொண்டு இருந்தாய். பஸ்ஸில் டிரைவர் தூங்கிவிடுவார் என்று சொல்லி வழி முழுக்கப் பேசுகிறவள், பரீட்சை முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. அன்று டிரம் நிரப்புவது உன் முறை. கீழே இருந்து ஹவுஸ் ஓனர் வீட்டு அக்கா உன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், பிறகு உன் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். நீ அசையவில்லை. நைட் ஷிப்ட் தூக்கம்தான் உன்னை இழுத்தது. கை நழுவும், கர்சர் நடுங்கும். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் திரையைப் பார்த்தபடியே காலை நீட்டி உன்னை இடிப்பேன். கை திரும்ப ஒட்டும், கர்சர் நிற்கும். கடைசிக் கேள்வி வரை அப்படித்தான் எழுதினேன்.

தேர்வானேன். இந்த விஷயத்தில் அடக்கம் என்பது உன்னிடம் துளியும் கிடையாது, அதுதான் எனக்கு உன்னிடம் ரொம்பப் பிடித்தது. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "இவ எயுதினா, நான் புடிச்சேன். ரெண்டு பேரும் பாஸு" என்றாய். நான் முதல் நாள் வேலைக்குப் போனபோது வாசல் வரை வந்து, கேட்டில் நின்ற செக்யூரிட்டியிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாய். எனக்குக் கூச்சமாக இருந்தது என்று அன்று திட்டினேன். உண்மையில் கூச்சமே இல்லை. மார்பு விம்மிப் போய் நடந்தேன்.

அதே வாரம் ஹவுஸ் ஓனரிடம் போய் ரூமுக்கு எர்த்து போடச் சொல்லிச் சண்டை பிடித்தாய். வாடகைக்கு விடுகிற ரூமுக்கு எவன் எர்த்து போடுவான் என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். அந்தத் தோல்வியை மட்டும் நீ மறக்கவே இல்லை. பின்னால் லைன் லீடராகி, ஒரு வரிசைப் பெண்களையே அதட்டி நடத்துகிறவளான பிறகும், "அந்த ஆளு வூட்டுக்கு எர்த்து போட வெக்காம வுட்டுட்டேன்மே" என்று போனில் சொல்வாய்.

போன வருடம் உன் இரத்தத்தில் நோய் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் இல்லை. உன்னைப் பார்க்க வந்த கடைசித் தடவை உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மறு கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. நான் கவனிக்கவில்லை, நீ கவனித்தாய். உதடு காய்ந்து கிடந்தும் உனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாமே, எர்த்து குடுக்கிறியா?"

ஆமாம் என்றேன். "குடு, குடு. நல்லா கீது" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

எழுத்தை இங்கே நிறுத்திவிட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. எலக்ட்ரீஷியன் அண்ணன் கூப்பிட்டார். கீழ் வீடு எனக்கும் அம்மாவுக்கும். மேலே இரண்டு ரூம், கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு விடுவதற்கு. அவருக்கு அதில்தான் சந்தேகம். "மேல வாடகைக்கு வுடற ரூம்தானம்மா, அதுக்கு இன்னாத்துக்கு எர்த்து? இந்தப் பக்கம் யாரும் போடறதில்ல" என்றார். அதே சொல், அதே சிரிப்பு. நீ இருந்திருந்தால் அவர் ஏணியிலிருந்து இறங்கி ஓடியிருப்பார்.

"எல்லாப் பிளக்குக்கும் வேணும்ணே. அங்க பிள்ளைக பரீட்சை எழுதும்" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். ஆனால் போட்டுவிட்டார். பச்சை வயர் மேல் ரூம்களுக்கு ஏறுவதை மாடிப்படியில் நின்று நானே பார்த்தேன். உன் தோல்வியை ஜெயமாக்கிவிட்டேன். இதை நீ பஸ் ஸ்டாப்பில் சொல்ல முடியாது என்பதால் நானே போய்ச் சொல்லப்போகிறேன்.

இப்போது சாயங்காலம். எர்த்து வந்துவிட்டது. சார்ஜரின் மூன்று காலும் சுவரில் முழுதாக இறங்கியிருக்கின்றன. அதே பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து காலையில் விட்ட மெயிலைத் திறந்தேன். டச்பேடில் விரலை வைத்தேன். கர்சர் வைத்த இடத்தில் நின்றது, துளி நடுக்கம் இல்லை. அப்போதுதான் கவனித்தேன். திரையைப் பார்த்தபடியே என் கால் தானாக முன்னால் நீண்டு, நீ தூங்கிவிடவில்லையே என்று கீழே தடவிக்கொண்டிருந்தது.