அஜேஷை எந்தப் பள்ளியில் சேர்ப்பது

குவைத்,
ஆகஸ்ட் 1995

அன்புள்ள அப்பாவுக்கு, சுந்தரி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். உங்களுக்கு இழுப்பு குறைந்ததா? அம்மா முழங்காலுக்குத் தைலம் போடுகிறாளா?

அஜேஷைப் பிரிட்டிஷ் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று உங்கள் மருமகன் ஒற்றைக்காலில் நின்றார். நேற்று போனோம். தலைமையாசிரியை நீச்சல்குளம் வரை காட்டினார். பையன் அங்கிருந்து நகரவே இல்லை.

எனக்கோ, ஐந்து வருஷத்துக்கு முன்னால் சண்டை வந்து, கைக்குழந்தையோடு பாலைவனத்தில் கிடந்து ஊர் சேர்ந்ததே நினைவில் நின்றது.

"இன்னொருக்க ஓட வேண்டி வந்தா, இந்தப் படிப்பு படிச்சவன நம்ம ஊரு பாறசாலையில எந்தக் கிளாஸ்ல சேப்பாவ? கேளுங்க" என்றேன்.

"சும்மா இரு, நாணக்கேடாக்கும்" என்று பல்லைக் கடித்தார்.

தெரிந்த இங்கிலீஷில் நானே கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் யோசித்துவிட்டு, தனக்குத் தெரியவில்லை என்றார்.

இன்று காலையில் இவரே, "இந்தியன் ஸ்கூல்லயே சேப்போம்" என்றார். நிம்மதியாகத்தான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்போ நாம இங்க நிக்கப்போறதில்லன்னு நீ எப்பவோ தீர்மானிச்சாச்சு, இல்லியா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. லீவில் ஊருக்கு வந்திருக்கும் அனில்குமார் இங்கே திரும்பி வரும்போது கொஞ்சம் சுக்குப்பொடி கொடுத்துவிடுங்கள். அம்மா பேசுவதையும் ஒரு கேசட்டில் பிடித்துக் கொடுங்கள். கோழியைத் திட்டுவதாக இருந்தாலும் போதும்.

இவர் வண்டிச் சத்தம் கேட்கிறது. வந்ததும் காலையில் கேட்டதையேதான் கேட்பார். நிறுத்துகிறேன் அப்பா.

உங்கள் மகள்,
கல்யாணசுந்தரி