தோட்டத்தில் இன்னொரு செஸ்ட்நட்

அன்பு மகளே,

புனித மார்ட்டின் திருநாளுக்குச் சுட்டுத் தின்ன இந்த வருஷமும் பிரகான்சா சந்தையில்தான் செஸ்ட்நட் வாங்கினோம். நம் தோட்டத்து மரம் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. முள் ஓடுகள் கொத்துக்கொத்தாக விழுகின்றன. பிளந்து பார்த்தால் உள்ளே வெறும் சக்கைதான்.

போன வாரம் உன் அப்பா அதை வெட்டிப்போட ரம்பத்தோடு கிளம்பினார். நான் தடுக்கவில்லை. வேண்டாம் என்று ஒன்றை அவர் ஒதுக்கிவிட்டால் யார் பேச்சையும் கேட்க மாட்டார், உன் விஷயத்திலேயே பார்த்தாயே.

பக்கத்து வீட்டு டியோலிண்டாதான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"ஏன்யா அமான்டியோ, புத்தி கெட்டுப்போச்சா? ஒத்த மரமா நின்னா எப்படிய்யா காய்க்கும்? பக்கத்துல வேற ரகம் ஒண்ணு வையி!"

அவர் ரம்பத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மறுநாள் வேறு ரகத்தில் ஒரு கன்று வாங்கி வந்து, முட்டிவலியோடு தானே குழி தோண்டி நட்டார்.

"இது பூத்துக் காய்க்கிறதுக்குள்ள நாம இருப்போமோ என்னமோ" என்றேன்.

"நமக்கு எதுக்கு?" என்றார், மண்ணை மிதித்தபடி. "பிரான்ஸ்ல இருக்கானே பொடியன், அவனுக்கு அப்போ பொறுக்கித் திங்கிற வயசு வந்துடும்."

பேரன் பிறந்த பிறகு அவனைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

கோடையில் நீ, மாப்பிள்ளை, பொடியன் மூன்று பேரும் வாருங்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று நான் கூப்பிட்டதாக இருக்கட்டும்.

உன் அம்மா