பத்தடியில் நின்ற முகங்கள்

மண்ணூர்,
7-6-1982, திங்கள்கிழமை.

அன்புள்ள மகள் மேபலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நீ தனியாக விசாரித்து ஒரு வரி எழுதினால் அது சந்தோஷப்படும். அங்கே குவைத்தில் உன் சுகத்தையும் உன் அறையில் இருக்கும் மலையாளப் பெண்ணின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். நேற்று ஆராதனை முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன்பாகவே, அப்பாவின் தலைமையில் வீட்டார் எல்லாரும், அதாவது அவரும் நானும், கூடி ஒரு முக்கியமான தீர்மானம் எடுத்தோம். கூடத்துச் சுவர்க்கடிகாரத்தை ஒன்றேகால் அடி மேலே ஏற்றுவது என்பது அந்தத் தீர்மானம். நீ பிறந்த வருஷம் மாட்டியதிலிருந்து அந்தக் கடிகாரம் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. ஆதரவாக இரண்டு ஓட்டு, எதிர்ப்பு இல்லை. பலராமன் வந்து ஆணி அடித்தார், அப்பா மூன்று தடவை அளந்தார், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். உயரத்தினாலோ என்னவோ கடிகாரம் இன்றைக்கு காலைக்குள் மூன்று நிமிஷம் வேகமாக ஓடியிருக்கிறது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன், ஒழுங்காகச் சொல்லாவிட்டால் உனக்குப் புரியாது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ கொண்டுவந்து கொடுத்தாயே, இடுப்பு எலும்பு முறிந்து உன்னிடம் படுத்துக் கிடந்த ஜெர்மன்கார இஞ்சினீயர் ஊருக்குப் போகும்போது கொடுத்த அந்தப் பழைய காமிரா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுதும். அதற்கும் எங்கள் கல்யாணத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வெளிச்சத்துக்கு ஒரு வளையம், தூரத்துக்கு ஒரு வளையம், எல்லாவற்றையும் நாம்தான் திருப்பிவிட வேண்டும், தானாக அது ஒன்றும் செய்யாது. தானாக ஒன்றும் செய்யாதது வீட்டில் இது இரண்டாவது என்று நான் சொல்லவில்லை, பலராமனின் சம்சாரம் முனியம்மாள்தான் சொன்னாள். ஏப்ரலில் நீ எழுதிய கடிதம் வரும்வரைக்கும் காமிரா பீரோவில் பைபிளுக்குப் பக்கத்தில் மரியாதையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிறார்கள், ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு மனசு வரச் சொல்கிறது ஒரு மனசு இருக்கச் சொல்கிறது, உங்கள் இரண்டு பேர் படமும் நம் ஊர்ப்பக்கத்துப் படமும் கொஞ்சம் அனுப்பினால் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அப்பா அந்தக் கடிதத்தை பாஸ்டருக்கும் தபால்காரருக்கும் பலராமனுக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு மறுநாளே ஸ்ரீபெரும்புதூர் போய் பிலிம் வாங்கி வந்தார். நானும் அதைப் படித்தேன், அடுப்படியில் வைத்து, நாலைந்து தடவை.

இந்தக் காமிராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னலில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது. எடுக்கப்படும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று நாம் லென்ஸுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு வளையத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, பத்து என்று எண்கள் இருக்கின்றன, பத்துக்கு அப்புறம் ஒரு எட்டு படுத்துக்கொண்டிருக்கிறது. பத்துக்குப் பிறகு எட்டு வருமா, அதுவும் படுத்துக்கொண்டா வரும் என்று அப்பா ஒரு நாள் முழுக்க ஜெர்மன்காரர்கள் மீது வருத்தமாக இருந்தார். முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்தவர் இல்லையா, தூரத்தைச் சொல்ல வேண்டும் என்றதும் பரணிலிருந்து அளவு டேப்பை இறக்கிவிட்டார். நிலம் அளக்கும் சங்கிலியைத்தான் முதலில் இறக்கினார், அந்த இரும்பை என் மூக்குக்கு நேரே பிடிக்க நான் சம்மதிக்கவில்லை. அவருக்குச் சங்கிலி பிடித்த பலராமன் இப்போது பென்னலூர்ப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், ஷிப்ட் முடித்துவிட்டு ஓடிவந்து டேப்பின் மறுமுனையைப் பிடிப்பார். லென்ஸிலிருந்து மூக்கு நுனி வரைக்கும் சரியாகப் பத்தடி. ஒரு விரற்கடை கூடினாலும் விடமாட்டார்கள், அம்மா உங்க மூக்கு தாண்டிகினு வருது, கொஞ்சம் பின்னால போங்க என்று பலராமன் சொல்வார், அப்பா வளையத்தைத் திருப்பிப் பத்தில் வைப்பார், பிறகு ஒரு கிளிக். இப்படி நாலு சனிக்கிழமை சாயங்காலம் மண்ணூர் ஏரிக்கரை, தண்டலம் டிரங்க் ரோடு, பென்னலூர்க் கம்பெனி வாசல், நம் கோயில் முற்றம் என்று பஸ்ஸிலும் நடையிலும் அலைந்தோம். தண்டலத்தில் மட்டும் ஒரு சோடா குடித்தோம், முழங்கால் அன்றைக்குத்தான் கெட்டது. நீயும் நின்றே வேலை பார்க்கிறவள், ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு.

முதல் ரோல் கழுவி வந்தது. மேபல், இப்படி ஒரு படத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை. ஏரிக்கரைப் படத்தில் தூரத்தில் தண்ணீரில் கிடக்கும் எருமையின் காதில் உட்கார்ந்திருக்கும் காக்காயின் மூக்கு தெரிகிறது. பனைமரத்தில் மட்டைகளை எண்ணலாம். முன்னால் வலது பக்கத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு மூட்டம் இருக்கிறது, அது நான். டிரங்க் ரோட்டுப் படத்தில் பெங்களூர் லாரியின் நம்பரைப் படித்து அபராதம் போடலாம், முன்னால் அப்பா ஆவி மாதிரி நிற்கிறார், தலை எங்கே முடிந்து ஆகாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. பாவம் பலராமன், காக்கிச் சட்டையைச் சலவைக்குப் போட்டு இஸ்திரி வைத்துப் பித்தளைப் பட்டனைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்றார். அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் தேடினார். இன்னா சார் இது, வேலை காலி இல்லைன்னு போர்டு மட்டும் பளிச்னு கீது, வேலைல இருக்கிறவன் எங்க சார் என்று கேட்டார். கோயில் முற்றத்தில் பாஸ்டர் குடும்பம் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி எடுத்ததில் கோபுரத்து மணியின் நாக்கு தெளிவாக விழுந்திருக்கிறது. பாஸ்டரம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பா நேரே ஸ்டூடியோ பரசுராமனிடம் சண்டைக்குப் போனார். அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சார் மரம் ஆடலை, மாடு ஆடலை, கோபுரம் ஆடலை, மனுசங்கதான் ஆடிகினு இருக்காங்க, அதுக்கு நான் இன்னா சார் பண்றது என்று சொல்லியிருக்கிறார். இது அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து இந்தக் காலத்து மனுஷருக்கு ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும் பழக்கம் போய்விட்டது, ஷிப்ட்டு சைரன் என்று ஓடி ஓடி உடம்புக்குள்ளேயே ஓர் ஆட்டம் வந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ரோலுக்கு எங்கள் எல்லாரையும் மூச்சை அடக்கச் சொன்னார். பலராமன் மூச்சைப் பிடித்ததில் கண் பிதுங்கி, போதும் சார் உசுரு போய்டும் என்று கெஞ்சும்வரைக்கும் விடவில்லை. அந்த ரோலிலும் நாங்கள் மூட்டம்தான், அடக்கிய மூச்சோடு கூடிய மூட்டம்.

இனி உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அப்பா படிக்கமாட்டார், கண்ணாடி இல்லாமல் என் எழுத்து அவருக்குப் புரியாது, கண்ணாடி பலராமன் வீட்டில் இருக்கிறது. அந்த வளையத்தில் பத்துக்குப் பக்கத்தில் அரிசி அளவில் m என்று ஓர் எழுத்து இருக்கிறது. அவருடைய பத்து அடியில், லென்ஸின் பத்து மீட்டரில். ஏறக்குறைய மூன்று மடங்கு. அவர் எங்களைப் பத்தடியில் நிறுத்திவிட்டு லென்ஸிடம் முப்பத்து மூன்றடியில் பார் என்று சொல்கிறார், அது சொன்ன பேச்சைக் கேட்டு எருமையைப் பார்க்கிறது. சர்க்கார் மீட்டருக்கு மாறி எத்தனையோ வருஷமாயிற்று, அப்பா ஆபீசுக்கு மீட்டரும் தனக்கு அடியும் வைத்துக்கொண்டு ரிட்டையர் ஆனவர், அளப்பதில் தப்பு வரும் என்று அவருக்குச் சொப்பனத்தில்கூடத் தோன்றாது. படுத்திருக்கும் எட்டு என்றால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் என்று அர்த்தம், அது நான் லைப்ரரியில் எடுத்துப் படித்த காமிராப் புத்தகத்தில் இருக்கிறது. இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். பீரோவிலிருந்து காமிராவை எடுத்த முதல் நாளே தெரியும். ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பாய். ஒரு மனுஷன் நாற்பது மைல் சுற்றி அவ்வளவு சந்தோஷமாக அளந்துகொண்டிருக்கும்போது நடுவில் பேசுவது மரியாதை இல்லை. தவிர, எங்கள் முகம் அங்கே சுவரில் தெளிவாக ஒட்டியிருந்தால் இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுவேன் என்று எழுதியது நீதான், நான் இல்லை.

இரண்டாவது ரோலில் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. தானே கிளிக் ஆகும் ஒரு நெம்பு அதில் இருக்கிறது, அதை இழுத்துவிட்டு ஓடிவந்து நாம் உட்கார்ந்துகொள்ளலாம். போன சனிக்கிழமை வாசலில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, காமிராவை ஸ்டூல் மேல் வைத்து, அப்பா பத்தடி அளந்து வளையத்தைப் பத்தில் வைத்துவிட்டு டேப்பைச் சுருட்டப் போனார். லென்ஸில் தூசி இருந்தது. முந்தானையால் துடைத்தேன். துடைக்கும்போது வளையம் திரும்பி மூன்றில் நின்றது. அப்பா நெம்பை இழுத்துவிட்டுக் கெட்ட முழங்காலோடு ஓடிவந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார், என்ன அன்னபுஷ்பம் ஆடாமல் இரு என்று சொல்லும்போதே கிளிக் ஆகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரியே பரசுராமன் கழுவிக் கொடுத்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவு நரைத்திருக்கிறது என்று அதில் ஒவ்வொரு மயிராகத் தெரிகிறது. அப்பா சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை, அவர் வாய் பாதி திறந்திருக்கிறது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் வேப்பமரம்தான் மூட்டம். அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் உனக்கு ஆடாமல் உட்காரத் தெரிந்திருக்கிறது என்றார். நான் ஒத்துக்கொண்டேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. பலராமனுக்கு ஓ.டி. கொடுக்கிறார்களாம், முனியம்மாள் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பினாள். உன் அறையை வெள்ளையடித்து ஜன்னலுக்கு வலை போட்டாயிற்று, கொசுவுக்காகத்தான். நீ வெயிலில் தலையை மூடாமல் போகாதே, காலை டிபனை விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே, ஏ.சி.க்கு நேராகத் தலை வைத்துப் படுக்காதே. கையெழுத்து விஷயத்தில் எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது, நீ படித்தவள், உனக்கு எது சரியோ அதைச் செய், இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். எங்கே இருந்தாலும் ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் கொடுக்க ஒவ்வொரு ராத்திரியும் ஜெபிக்கிறோம். ஜூன் முப்பது புதன்கிழமை வருகிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். படங்களைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம், ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர், திசை, முகத்தின் தூரம் எல்லாம் அப்பா சர்வே ஆபீஸ் முறைப்படி எழுதியிருக்கிறார், முகம் என்று எழுதியிருக்கும் இடத்தில் நீ நம்பிக்கையோடு பார்த்தால் போதும்.

இப்படிக்கு உன் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா, அன்னபுஷ்பம் அருள்நாதன்.

பி.கு. இரண்டு ரோலிலும் சேர்த்து எழுபத்திரண்டு படம். தபாலில் எழுபத்தொன்று வரும். எழுபத்திரண்டாவது கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது.