சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு கட்டை

நேற்று சோபாவை இழுத்துவிட்டுக் கூட்டும்போது உமது கட்டை ஒன்று அகப்பட்டது. பாதி சிவப்பு, பாதி வெள்ளை. தூசியைத் துடைத்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் பெயின்ற் மணம் போகவில்லை. எதையும் திருத்தமாகச் செய்கிற ஆள் நீர். செய்யக் கூடாததையும் அப்படித்தான் செய்தீர்.

என் பேத்தி ஆரணி அப்போது மூன்றாம் வகுப்பு. நோர்வேயில், இந்த அம்மருட் தொடர்மாடியில் எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் நீர் தனியாக இருந்ததால், பள்ளி விட்டால் பாதி நேரம் அவள் உம்மிடம்தான் இருப்பாள். எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. நேற்றுப் படித்த சொல் இன்று அவளுக்குப் புதுச் சொல். தனிக் கற்பித்தல் தேவையா என்று ஒரு நிபுணரைக் கொண்டு பார்ப்போம் என்றார் வகுப்பாசிரியை. எனக்கு அது ஆறுதல். உமக்கு அது சோதனை.

"சோதனை எண்டால் படிச்சிட்டுத்தான் போகவேணும்," என்றீர். "எங்கட பிள்ளை போய் முழுசிக்கொண்டு நிக்கிறதோ?"

சொன்னதோடு விட்டிருக்கலாம். ரொம்மன் பகுதியில் ஒரு பிள்ளையை முன்பே அப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று அறிந்து, அங்கே போய் என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்து வந்தீர். மரம் அறுத்து, பெயின்ற் அடித்து, அங்கே அடுக்கக் கொடுத்த அதே மாதிரிக் கட்டைகள் செய்து, அவளை விதவிதமாக அடுக்கப் பழக்கினீர். அவளுடைய நோர்வேஜிய வாசிப்புப் புத்தகத்தை உரத்துப் படித்துப் படித்துக் காதாலேயே ஏற்றிவிட்டீர். எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. "கீழ்வீட்டுத் தாத்தாவோட விளையாடினனான்" என்பாள் பிள்ளை.

நிபுணர் அதே புத்தகத்தைத் திறந்து வைத்தார். பிள்ளை பக்கத்தைப் பார்த்தபடி பாடமாக ஒப்புவித்தது. கட்டைகளைச் சடசடவென்று அடுக்கியது. கெட்டிக்காரி, தனி உதவி தேவையில்லை, வீட்டில் இரண்டு மொழி என்பதால்தான் தடுமாறுகிறாள், தமிழைக் கொஞ்சம் குறையுங்கள் என்று முடிவு வந்தது. நீர் கேக் வாங்கிக்கொண்டு மேலே வந்தீர்.

அன்று பின்னேரம் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, "இதை வாசி பாப்பம்," என்றேன். அவள் அந்தப் பக்கத்தின் முதல் வரியைச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகுதான் கட்டை, புத்தகம் எல்லாம் வெளியே வந்தது.

அந்த நிபுணரின் அலுவலகத்தோடு தொடர்பில்லாத ஒருவர் புதிதாகப் பார்க்க வேண்டும், தமிழிலும் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தீர்மானித்தேன். "பேசாமல் இருங்கோ அப்பா, நல்லாத்தானே சொல்லியிருக்கினம்," என்றான் மகன். உம்மிடம் வந்தேன். நிபுணரிடம் வந்து, பழக்கினதைச் சொல்லும் என்று கேட்டேன்.

"பேத்தி மொக்கு எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேட்டுக்கொண்டு போற முதல் மனுசன் நீர்தான் காணும்," என்று சிரித்தீர்.

"அவளை மொக்கு எண்டு நான் சொல்லேல்லை. வாசிக்கத் தெரியாது எண்டுறன்."

"நான் வரமாட்டன். களவாப் பாஸ் பண்ண வைச்சன் எண்டு வெள்ளைக்காரிக்கு முன்னால நிண்டு சொல்லவோ?"

தனியாகப் போனேன். என் நோர்வேஜியம் வானொலியிலும் அகராதியிலும் நானே பொறுக்கியது. அந்த நிபுணர் அம்மா புன்னகையோடு, "நல்ல முடிவு வந்ததற்கு ஏன் கோபப்படுகிறீர்கள்?" என்றார். ஆரணியின் சட்டைப் பையிலிருந்து எடுத்த உமது கட்டை ஒன்றை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய பெட்டியில் இருப்பதும் அதுவேதான். புன்னகை போய்விட்டது. ஆனாலும் இசையவில்லை, பெற்றோர்தான் கேட்கலாம் என்றார். மகனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இழுத்தடித்து இழுத்தடித்து, அடுத்த வகுப்புத் தொடங்கிய பிறகே வேறொருவர் வந்து பார்த்தார். வாசிப்பில்தான் குறைபாடு, புத்தியில் இல்லை, தமிழால் வந்ததும் இல்லை என்றார். அதற்குள் பிள்ளையின் ஒரு வருசம் போய்விட்டது.

அதன் பிறகு லிஃப்ற்றில் என்னைக் கண்டால் நீர் படியால் இறங்கினீர். ஒரு நாள் மட்டும் வாய் திறந்தீர்: "என்னைக் கள்ளனாக்கிப்போட்டீர்." ஆக்கியது நானல்ல. இந்த மாரிக் குளிரில் உமது இறுதிச் சடங்குக்கு வந்து கடைசி வரிசையில் நின்றேன். அழவில்லை.

நேற்று அந்தக் கட்டையை ஆரணியிடம் காட்டினேன். இப்போது அவள் வரிக்குக் கீழே அட்டைத் துண்டு ஒன்றை வைத்து மெல்ல மெல்ல வாசிக்கிறாள். கட்டையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினாள்.

"அந்த வருசம் தாத்தா வீட்டில மட்டும்தான் அப்பப்பா, எனக்கு எல்லாம் சரியா வந்தது."

இதை என்னிடம் சொல்ல அவளுக்கு இத்தனை வருசம் எடுத்திருக்கிறது. நீர் செய்தது பிழை. நீர் எழும்பி வந்து எதிரே நின்றாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவள் சொன்னதை உமக்குச் சொல்லாமல் விட்டால் அது என் பிழையாகிவிடும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவளுக்குரிய உதவியை ஒவ்வொரு வருசமும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. நாளைக்கும் அதற்காகப் பள்ளியில் கூட்டம் இருக்கிறது. கட்டையைத் தனக்குத் தரச் சொன்னாள். கூட்டம் முடியட்டும் என்றேன். அது என் கோட்டுப் பையில் கிடக்கிறது. அன்று வரமாட்டேன் என்றீர் அல்லவா? நாளைக்கு வருவீர்.