நட்சத்திரம் போட்ட கரடி

பெடாஸ் பக்கத்துத் தோட்டம்,
4-3-1951

அன்பு மருமகள் பஞ்சாலைக்கு,

இந்த ரப்பர் தோட்டத்து ஆபீசின் சக்கரவர்த்தியும் கணக்கெழுதும் ஒரே கிராணியுமான உன் மாமா, சத்தியம் செய்து ஒரு கதை சொல்கிறேன். யாரும் நம்பப்போவதில்லை.

பால்மரம் வெட்டும் சன்னாசி, பதினோராம் நிரையிலிருந்து வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவன் நிழல் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. "காட்டுக்குள்ளே யாரைப் பார்த்தே?" என்று போலீஸ் சார்ஜன் கேட்டார். சன்னாசி வாயே திறக்கவில்லை. காட்டோரம் வேலை செய்கிறவன் அதன் பேரைச் சொன்னால் அது வந்து நிற்குமே! காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுத் துப்பாக்கிக்காரர்களை மறைக்கிறான் என்று ஸ்டேஷனில் அடைத்துவிட்டார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்களாம்.

"நீங்க பெரிய பேச்சுக்காரருலா, போய்ப் பேசுங்க கிராணி," என்று அவன் பெண்டாட்டி முத்தாயி அழுகிறாள். நான் பேசினால் சார்ஜன் சிரிக்கிறார். மொழி படிக்கிறவளே, ஏதாவது வழி சொல்.

உன் மாமா
நல்லசாமி


லண்டன்,
12-3-1951

அன்புள்ள மாமாவுக்கு,

நிழலை நம்பவில்லை, சன்னாசி அண்ணனை நம்புகிறேன். தூரத்தில் இருக்கும் தைரியத்தில் எழுதுகிறேன்: புலி.

ருஷ்யர்களின் மூதாதையரும் இப்படித்தான். கரடியின் பழைய பேரைச் சொல்லப் பயந்து 'தேன் தின்னி' என்றார்களாம். அவர்கள் பேச்சில் 'மெது' என்றால் தேன், நம் 'மது'வுக்கு உறவு. 'ஏத்' என்றால் தின்பது. சேர்த்தால் *மெத்வேதி. 'கரடியின்' என்பதற்கு *மெத்வேதீ, 'கரடியால்' என்பதற்கு *மெத்வேதிமி. யாரும் எழுதிவைக்காத சொல், வழிவந்த மொழிகளை ஒப்பிட்டு ஊகித்தது. அதனால்தான் முன்னால் நட்சத்திரம். பழைய பேர் அவர்களிடம் தொலைந்தே போயிற்று.

இதைச் சார்ஜனிடம் காட்டுங்கள். இந்த ஒரு தடவையாவது அளக்காமல் பேசுங்கள் மாமா.

பஞ்சாலை


பெடாஸ்,
21-3-1951

அன்பு மருமகளே,

முத்தாயிக்கு வாசிக்கும்போது அந்த ஒரு சொல்லைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். சார்ஜன் எண்ணினார். "மூணு நட்சத்திரம்! காட்டு ஆளுங்க தொப்பியிலே இருக்கிற அதே மூணு! ருஷ்யா வேறயா?" சன்னாசி பக்கத்திலேயே எனக்கும் இடம் கிடைத்தது.

அவனிடம் தேன் தின்னியைச் சொன்னேன். "அங்கேயும் பேரு சொல்ல மாட்டாங்களாலா?" என்று, இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தான். "படம் போட்டா தப்பில்லைதானே?" சிமெண்டுத் தரையின் தூசியில் விரலால் அதன் காலடியைப் போட்டான்.

உடனே அதுவே பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்து, வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்து, ஒரு டீயும் குடித்தது.

சரி, சரி. முறைக்காதே. சன்னாசி வீடு வந்துவிட்டான். பஸ், கைநாட்டு, டீ எல்லாம் என் சரக்கு. தரையில் இருந்த காலடியைப் பார்த்த சார்ஜன் துப்பாக்கியோடு பதினோராம் நிரைக்குப் போனார். வேர்த்து ஊற்றத் திரும்பி வந்து, எங்கள் கதவைத் திறந்துவிட்டார்.

"என்ன சார் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

அவரும் வாயே திறக்கவில்லை. இது மட்டும் சத்தியமாக நிஜம்.

நல்லசாமி